முட்டைக்குக் காது கேக்காது

— அங்கனயே நில்லுங்க டீச்சரம்மா. உள்ள வர வேண்டாம். நீங்க பயந்தா அதுவும் பயந்துரும்.

— நான் பயப்படலையே அண்ணே.

— கைப்பைய நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டு நிக்கீக. அதுக்குப் பேரு என்னவாம்?

— சரி, பயந்தான். ஆறு வயசுல கெண்டைக்கால்ல கடி வாங்குனவ நான். எத்தன நாய் ஏத்தியாச்சு?

— நாலு ஏத்திட்டேன். சுண்டல், கடுகு, பருப்பு, பெரியாத்தா. வண்டிக்குள்ள சும்மா படுத்துக் கெடக்குதுக. இந்த முட்டைப்பயதான் பாக்கி. எட்டாம் வகுப்புன்னா அவனுக்கு உசுரு. கடைசிப் பெஞ்சுக்கு அடில போயி ஒட்டிக்கிட்டான்.

— முட்டையா? எல்லாம் சாப்பாட்டுப் பேரா இருக்கு?

— பிள்ளைக வச்ச பேரு தாயி. எந்த நாயி என்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருதோ, அன்னைக்குச் சத்துணவுல என்ன போட்டாகளோ, அதான் பேரு. இவன் வந்த அன்னைக்கு முட்டை. ஆளும் வெள்ளையா இருந்தானா, பொருந்திப் போச்சு. பெரியாத்தா மட்டும் நான் வச்ச பேரு. அவ வந்த அன்னைக்கு லீவு.

— வலையக் காணோமே? கம்பி வளையம் போட்டுத்தான் பிடிப்பீங்கன்னு சொன்னாங்க.

— யாரு சொன்னா?

— ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க. நாய் பிடிக்க இருளாண்டி மாதிரி ஆளு கிடையாது, ஒரே இழுப்புத்தான்னு.

— அது பொய்யில்ல. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி அப்பிடித்தான் பிடிச்சேன். பஞ்சாயத்துல தூத்துப் பெருக்குற வேலை எனக்கு. நாய்த் தொல்லைன்னு எவனாச்சும் மனு எழுதுனா, டிராக்டரக் கொடுத்து என்னைய அனுப்பி விடுவாக. பிடிச்சு ஏத்தி, கம்மாக்கரைக்குக் கொண்டு போயி... அத விடுங்க. உங்ககிட்டச் சொல்ற கதையில்ல.

— அப்புறம் எப்படி விட்டீங்க?

— நானா விட்டேன்? விட வச்சாக. சுகிர்தா டீச்சர். நீங்க இப்ப உக்காருற அந்த அறிவியல் டீச்சர் நாற்காலி அவுகளோடது. நீங்க வந்து ஒண்ணரை மாசம் இருக்குமா?

— ஆகஸ்ட்ல வந்தேன். அவங்க போட்டோவ ஆபீஸ் ரூம்ல பாத்திருக்கேன். யாருகிட்டக் கேட்டாலும் பாதியில நிறுத்திடுறாங்க. நல்லவங்கம்பாங்க, அதோட முடிஞ்சிடும்.

— பேச வராது. எனக்கே இப்பத்தான் கொஞ்சம் வருது.

— சொல்லுங்கண்ணே. முட்டை தானா வெளிய வர்ற வரைக்கும் நேரம் இருக்குல்ல.

— இருக்கு. அவன இழுத்தா வர மாட்டான். சோத்த வச்சிட்டு நம்ம பாட்டுக்கு உக்காந்திருக்கணும். நீங்க வாசப்படில உக்காருங்க. ம்... அன்னைக்கு இதே பள்ளிக்கூடத்து வாசல்தான். டிராக்டர்ப் பெட்டில எட்டு நாய் கெடக்குது, கால் கட்டி. டீச்சர் வெளிய வந்தாக. சண்டை போடுவாகன்னு பாத்தேன். போடல. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு அந்தப் பெட்டில ஏறி, நாய்களுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டாக. "இதுகள எங்க கொண்டு போறீங்களோ அங்க என்னையும் கொண்டு போங்க, எனக்கு அடுத்த பீரியடு இல்ல"ன்னாக.

— அடுத்த பீரியடு இல்லன்னா!

— ஆமா தாயி, சிரிக்காம சொன்னாக! டிரைவர் சங்கையா எஞ்சின அமத்திட்டு எறங்கிப் போயிட்டான். நான் ஏசுனேன். ஒரு பொம்பளைகிட்டப் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசுனேன். அவுக என் மூஞ்சியப் பாக்கல. கையப் பாத்தாக. ரத்தம் வடியுது. "இது எப்ப கடிச்சது?"ன்னாக. இப்பத்தான்னேன். "இது?" போன மாசம். "இது?" அது மழை பெஞ்ச வருசம். "எத்தன தடவ ஊசி போட்டீங்க?" எனக்கு எவன் ஊசி போட்டான்? மஞ்சப்பத்துதான்.

— ஊசியே போடலையா? வெறிநாய்க்கடி வந்தா பிழைக்க முடியாதேண்ணே.

— அதேதான் அவுகளும் சொன்னாக, இதே மாதிரி கண்ண விரிச்சுக்கிட்டு. பெட்டிய விட்டு எறங்கி, என் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி, அந்தா அந்தக் குழாயடில சோப்புப் போட்டுக் கழுவுனாக. கால்மணி நேரம். வாட்சப் பாத்துப் பாத்துக் கழுவுனாக. எம் பொண்டாட்டி வீரலட்சுமி கூட அம்புட்டு நேரம் எங் கையப் பிடிச்சதில்ல. அப்புறம் பஸ்ல ஏத்தி விருதுநகர் பெரியாஸ்பத்திரி. வரிசைல நின்னது அவுக. அடுத்தடுத்த ஊசிக்கும் தேதி தவறாம வந்து கூட்டிட்டுப் போனாக. நாய்க்காகச் சண்டை பிடிக்க வந்த டீச்சரு, எனக்கு ஊசி போட்டு அனுப்புனாக.

— அதோட கம்பிய விட்டுட்டீங்க.

— எங்க? மூணாவது ஊசி போட்டுட்டு ஊருக்குத் திரும்புறப்ப பஸ்ல கேட்டாக, "இருளாண்டி, இந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"ன்னு. அதுவரைக்கும் என்னைய ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்ல. வேலைன்னா வேலை, அதுல பிடிக்கிறது என்ன, பிடிக்காதது என்ன? தாயில்பட்டி வர்ற வரைக்கும் யோசிச்சேன். எறங்குறப்ப, இல்ல டீச்சர்னேன். "அப்ப வேற மாதிரி பிடிப்போம்"னாக. கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச எடத்துலயே கொண்டாந்து விடுறது. பிடிக்கிறதுக்கு நான், ஊசி போட கால்நடை ஆஸ்பத்திரிக்காரக, எழுதிக்கிட அவுக. இந்தச் சுத்துப்பட்டில முந்நூறு நாயிக்கு மேல பண்ணியிருக்கோம். ஒண்ணக்கூடக் கம்பி போட்டுப் பிடிக்கல.

— ஷ்... அண்ணே, மூக்கு தெரியுது.

— தெரியட்டும். நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கிட்டுப் பேசுங்க. மெதுவாப் பேசணும்னு இல்ல, சத்தமாவே பேசலாம். முட்டைக்குக் காது கேக்காது.

— பிறவியிலேயா?

— இல்ல. குட்டியா இருக்கப்ப, கழிவு வெடியப் போட்டு எரிக்கிற குழிக்குப் பக்கத்துல படுத்திருக்கான். எந்தக் கம்பெனின்னு தெரியாது, காட்டுக்குள்ள. டீச்சர்தான் முந்தானைல சுத்திக் கொண்டாந்தாக. முதுகு வெந்து போயிருந்துச்சு. முதுகு ஆறிருச்சு. காது போயிருச்சு.

— அப்ப அவங்களுக்குப் பட்டாசுன்னாலே ஆகாதோ?

— அப்பிடியும் சொல்ல முடியாது. வெளியூர்லருந்து நாலஞ்சு பேரு வந்து, வெடியே வேண்டாம்னு சொல்லுங்க டீச்சர், உங்கள வீடியோ எடுக்கோம்னாக. மாட்டேன்னுட்டாக. "எங்கிளாஸ்ல நாப்பது பிள்ளை. முப்பத்தஞ்சு பிள்ளையோட அம்மா வெடிக் கம்பெனிலதான் திரி போடுறா. அந்தப் பிள்ளைக மூஞ்சியப் பாத்து நான் என்னத்தச் சொல்ல?"ன்னு கேட்டாக. வந்தவகளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிட்டாக. ஆனா சும்மாவும் இருக்கல. சீசனுக்கு முன்னாடி கம்பெனிக்காரக புதுச் சரக்க வெடிச்சுப் பாப்பாகள்ல, சாயங்கால நேரம்? அந்தச் சத்தத்துக்கு இதுக நடுங்கி ரோட்டுல ஓடி லாரில விழும். டீச்சரு ஒவ்வொரு கம்பெனியாப் போனாக. வெடிக்காதீகன்னு கேக்கல. எத்தன மணிக்கு வெடிப்பீகன்னு மட்டும் சொல்லிருங்கன்னு கேட்டாக.

— சொன்னாங்களா?

— மொதல்ல சிரிச்சாக. மொக்கைச்சாமின்னு ஒரு மேனேஜர், "நாயிக்கு டைம்டேபிளா டீச்சர்?"னு கேட்டாராம். மறு வருசம் அவரே போன் பண்ணுனாரு. "டீச்சர், இன்னைக்கு நாலு மணிக்கு பேன்சி வெடிக்கோம்." மூணே முக்காலுக்கு எல்லா நாயும் இந்த எட்டாம் வகுப்புக்குள்ள வந்துரும். ஜன்னல் கதவெல்லாம் சாத்திருவாக. சத்தம் கேக்காம இருக்க பிள்ளைக உரக்க வாசிக்கணும்.

— நாய்க்கு வாசிச்சுக் காட்டுறதா?

— ஆமா! அதுல ஒரு விசயம் இருக்கு. எந்தப் பிள்ளைக்கு வாசிக்க வரலையோ அதத்தான் கூப்பிடுவாக. கிளாஸ்ல எந்திரிச்சு வாசிக்கச் சொன்னா வாய்க்குள்ள முழுங்குற பிள்ளை, திக்குற பிள்ளை. "நாயிகிட்ட வாசி. அது உன்னையத் தப்புச் சொல்லாது, சிரிக்காது"ம்பாக. ஆளுக்கொரு நாயப் பக்கத்துல போட்டுக்கிட்டு, வெளிய டமால் டுமால்னு கேக்கும், உள்ள இதுக கத்திக் கத்தி வாசிக்கும். மழைக்காலம் முடியுறதுக்குள்ள எம்புட்டுப் பிள்ளைக வாசிச்சிருச்சு தெரியுமா? அதுல ஒரு ஆளு நானு.

— நீங்களா?

— நாப்பத்து மூணு வயசுல. கைநாட்டுத்தான் அதுவரைக்கும். முந்நூறு நாயோட கணக்கு யாரு எழுதுறது? "எனக்கு நேரமில்ல இருளாண்டி, நீங்களே எழுதுங்க"ன்னுட்டாக. எனக்கு எழுதத் தெரியாதுன்னு அவுகளுக்குத் தெரியும். வேணும்னேதான் சொன்னாக. பெரியாத்தா பக்கத்துல உக்காந்து மூணாம் வகுப்புப் புஸ்தகத்த வாசிச்சேன். அவ தூங்கிருவா. எனக்குக் கோவமா வரும்.

— அந்தக் கணக்கு நோட்டு இருக்காண்ணே?

— இருக்கு. இந்தப் பையிலதான். இதுகளோட மதுரை நாய்க் காப்பகத்துக்குக் கொடுத்து விடலாம்னு எடுத்துட்டு வந்தேன். இந்தாங்க, பாருங்க. எழுத்து கோழி கிண்டுனாப்பல இருக்கும்.

— "சுன்டல். பெட்டை. வயது நாலு. ஊசி போட்டது..." இதுல சிவப்பு மைல 'ண்' திருத்தியிருக்கு.

— மொத ரெண்டு பக்கத்துலதான் திருத்தம். பின்னால பாருங்க, வெறும் டிக்குதான்.

— "கடுகு. கடுவன். வாலைத் தொடக் கூடாது. தயிர்ச் சோறு தின்னாது." டிக். "பெரியாத்தா. பல் இல்லை. சோற்றைப் பிசைந்து வைக்க வேண்டும்." டிக். "முட்டை. காது கேக்காது. பின்னால் இருந்து தொடக் கூடாது. தரையைத் தட்டிக் கூப்பிட வேண்டும்." டிக். அதுக்கு அப்புறம்... ஜூலை பதினாலுக்கு எழுதுனதுக்கு டிக் இல்லையே?

— அதக் காட்டணும்னு வச்சிருந்தேன். காட்ட முடியல.

— அவங்க போனது பதினாலாந் தேதிதானா?

— பதினஞ்சு. செவ்வாக்கெழம. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். வெம்பக்கோட்டை ரோட்டுல, பாலத்துக்கு இந்தப் பக்கம். டீச்சரு ஸ்கூட்டில போறாக. இந்த முட்டைப்பய கம்மாய்ப் பக்கமிருந்து ரோட்டுக்கு ஏறுறான். வேற நாயின்னா ஆரன் அடிச்சா ஒதுங்கிரும். இவனுக்கு ஆரன் கேக்காதுன்னு அவுகளுக்குத் தெரியும்ல? ஒடிச்சு பிரேக் போட்டிருக்காக. சறுக்கி, தலை கல்லுல பட்டிருச்சு.

— ஐயோ.

— நான் போறதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்து கொண்டு போயிட்டாக. ஸ்கூட்டி கெடக்குது. முட்டை அதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கான். ராத்திரிக்குள்ள சேதி வந்துருச்சு. மறுநாளு ஊரே கம்பும் கையுமா நிக்குது. அந்த நாய உசுரோட விடக் கூடாதுன்னு. நம்ம பிள்ளைகளோட அப்பன், ஆத்தா. கெட்டவக இல்ல. அம்புட்டு வயித்தெரிச்சல்.

— நீங்கதான் தடுத்தீங்களா?

— கேக்காதீக தாயி.

— இல்ல, சொல்லுங்க.

— பரண்ல பன்னெண்டு வருசமாக் கெடந்த கம்பிய எடுத்தேன். நாந்தான். கம்பு வேண்டாம், ஒரே இழுப்புல நான் முடிக்கேன்னு சொன்னேன். கழுத்துல வளையத்த மாட்டிட்டேன். அவன் என்னையப் பாத்து வாலாட்டுறான். நாந்தான ஊசி போட்டது, நாந்தான சோறு வச்சது. அப்ப நல்லசிவம் சாரு வந்தாரு.

— டீச்சரோட வீட்டுக்காரரா?

— ஆமா. சிவகாசில காலண்டர் அடிக்கிற பிரஸ்ல இருந்தாரு. நாயின்னா அவருக்கு அம்புட்டுப் பிடிக்காது, வீட்டுக்குள்ள ஒண்ண விட மாட்டாரு. டீச்சர எரிச்சிட்டு வந்த கையோட, மொட்டைத் தலையோட நடந்து வந்தாரு. கூட்டம் வழி விட்டுச்சு. என் கையில இருந்த கம்பியப் பிடிச்சாரு. "இருளாண்டி, இது சாகக் கூடாதுன்னுதான அவ பிரேக்க அழுத்துனா? நீங்க இதக் கொன்னுட்டீங்கன்னா அவ எதுக்காகச் செத்தா?"ன்னு கேட்டாரு. சத்தமாக்கூடக் கேக்கல. எல்லாரும் கம்பக் கீழ போட்டாக. அவரு தரைல உக்காந்து அந்த வளையத்த அவுத்தாரு. அவுக்கத் தெரியல. நான் அவுத்துக் கொடுத்தேன்.

— இப்ப அவர் எங்க இருக்கார்?

— கோவில்பட்டில அவுக அம்மா படுத்த படுக்கையாக் கெடக்காக. அங்க போயிட்டாரு. போறப்ப இவனப் பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போனாரு. இன்னொண்ணும் சொன்னாரு. கருமாதி முடிஞ்ச மறுநாளு டீச்சரோட போன் அடிச்சிருக்கு. எடுத்திருக்காரு. மொக்கைச்சாமி மேனேஜர். பழக்க தோசத்துல, "டீச்சர், இன்னைக்கு நாலு மணிக்கு வெடிக்கோம்"னிருக்காரு. அப்புறந்தான் அவருக்கே ஞாபகம் வந்திருக்கு. ரெண்டு பேரும் பேசலயாம். போன வைக்கவும் இல்லையாம். அழாதீக டீச்சரம்மா. அந்தா, வெளிய வந்துட்டான் பாருங்க. சோத்த நக்குறான்.

— நான் தட்டட்டுமா? தரைய?

— நீங்களா? கைப்பையக் கீழ வச்சிட்டு, உள்ளங்கையால ரெண்டு தட்டு. மெதுவா. ஆங். அவனுக்கு அது கால் வழியாக் கேக்கும். வாரான். அசையாதீக. மோந்து பாக்கட்டும். ம். இனி அந்தக் கையப் பயப்பட மாட்டான். சரி, நான் தூக்கி வண்டில வைக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு பேச்சு கேட்டுக்கிடுறேன். தப்பா எடுத்துக்கிடாதீக.

— கேளுங்க.

— பள்ளிக்கூடத்துக்குள்ள நாயி இருக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்திருக்கு, அது எனக்குத் தெரியும். ஆனா மனு எழுதாம இருந்தா பஞ்சாயத்து ஆபீஸ்ல கண்டுக்கிட மாட்டாக. இந்த அஞ்சும் யாரையும் கடிச்சதில்ல. காப்பகத்துல அம்புட்டு நாயோட நாயா இவன் பிழைக்க மாட்டான், காது கேக்காதவன். உங்கள இதுக என்ன தாயி பண்ணுச்சு? எதுக்கு மனு எழுதுனீக?

— போன திங்கக்கிழமை, நீங்க கூட்ட வர்றதுக்கு முன்னாடி, ஏழரை மணிக்கே வந்துட்டேன் அண்ணே. ஒண்ணாம் வகுப்பு வாசல்ல கறித்துண்டு கிடந்துச்சு. மூணு இடத்துல. குச்சியால புரட்டிப் பாத்தேன். உள்ள பயிருக்குப் போடுற குருணை மருந்து.

— என்னது!

— பிரேயருக்கு மணி அடிக்கிறதுக்குள்ள பொறுக்கிப் புதைச்சிட்டேன். செவ்வாக்கிழமையும் கிடந்துச்சு. புதன்கிழமையும். ஹெச்.எம்.கிட்டச் சொன்னேன். நாய் இல்லன்னா யாரு கறி போடப் போறான்னாரு. அன்னைக்குத்தான் மனு எழுதுனேன். உத்தரவு இருக்குறப்ப மனு வந்தா ஆபீஸ்ல வந்து பிடிச்சுத்தான் ஆகணும். உசுரோட வெளிய போயிடும்ல?

— ஏன் தாயி என்கிட்டச் சொல்லல? தினமும் காலைல இந்த வாசலக் கூட்டுறவன் நானு!

— அதனாலதான் சொல்லல. டீச்சர் செத்ததுக்கு இந்த நாய் மேல கம்பி போட்டவர்னு சொன்னாங்க. எந்நேரமும் உள்ள வந்து போறவரும் நீங்கதான்னு சொன்னாங்க. கறி போடுறது நீங்கதான்னு நினைச்சேன். நீங்க எப்படிப் பிடிக்கிறீங்கன்னு நேர்ல பாக்கணும்னுதான் சனிக்கிழமை வரச் சொல்லி, நானும் வந்து நின்னேன். மன்னிச்சிடுங்கண்ணே.

— மன்னிக்க என்ன இருக்கு. கம்பி எடுத்தவன் கைதான இது. நினைக்கத்தான் செய்வீக. போட்டவன் எவன்னு பாத்துருவோம்.

— பாப்போம். மருந்து ஒட்டுன துண்டு ஒண்ணு டப்பால வச்சிருக்கேன், திங்கக்கிழமை ஸ்டேசன்ல கொடுக்கணும். நீங்களும் வாங்க. இப்ப மொதல்ல முட்டைய ஏத்துங்க, வெயில் ஏறுது. நோட்டு என்கிட்ட இருக்கட்டும்.

— காப்பகத்துக்காரககிட்டக் கொடுக்கணுமே?

— வேண்டாம். தத்து எடுத்துக்கிறேன்னு நேத்து சாயங்காலமே ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிட்டேன். உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னு நாந்தான் கேட்டுக்கிட்டேன்.

— எந்த நாய?

— அஞ்சையும். டிரைவர்கிட்டச் சொல்லுங்கண்ணே, வண்டி மதுரைக்குப் போகல, எங்க ஊரு மல்லாங்கிணத்துக்குப் போகுது. அங்க வெடிக் கம்பெனி ஒண்ணும் கிடையாது, எங்கப்பா காலைல இருந்து காட்டு வேலிக் கதவத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருக்காரு.